ஆர்.ஓ.வா, யு.வி.யா, கேன் தண்ணீரா? குமரி மாவட்டத்து வீட்டுக்கு எது பொருந்தும்

“மக்கா, இந்த ஆர்.ஓ. மெஷின் வாங்கணுமா வேண்டாமா, ஒரு வார்த்தையில சொல்லு.” தக்கலைப் பக்கம் இருக்கும் சித்தி போனில் இப்படிக் கேட்டபோது, விற்க வந்த பையன் அவள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருந்ததால் நேரிலேயே போய்விட்டேன்.

திண்ணையில் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் சித்தி வீட்டுக் கிணற்று வெள்ளம் (எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு அதுதான் பேர்), இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் (மிக நுண்ணிய சவ்வு வழியாகத் தள்ளி உப்பை எடுத்தது). கம்பிகள் நீட்டிய சின்னப் பெட்டி ஒன்றை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் கிணற்று வெள்ளம் மஞ்சளாகி, பிறகு துரு நிறத்தில் திப்பி திப்பியாக மிதக்க ஆரம்பித்தது. மற்ற டம்ளர் பளிச்சென்று அப்படியே இருந்தது. சித்தி வாயில் கை வைத்துவிட்டாள். “இதைத்தான் ஆன்ட்டி இத்தனை வருஷமா குடிச்சிருக்கீங்க.”

நான் அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பெடுத்து அவனுடைய பளிச் டம்ளரில் போட்டு, திரும்பவும் கம்பியை இறக்கச் சொன்னேன். இந்த முறை அது கிணற்று வெள்ளத்தைவிட மோசமாகக் கறுத்தது. விஷயம் இதுதான்: கம்பியில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். அந்த அழுக்கு கம்பியின் அழுக்கு. பையன் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினான். பாவம், அவனுக்கும் டார்கெட் இருக்கும்.

சித்தி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் மெஷினைப் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது, தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான்கு விஷயங்கள். உங்கள் தண்ணீரின் கோளாறு உப்பா, கிருமியா, இரும்பா? வாங்கும் விலை போக ஆண்டுதோறும் எவ்வளவு போகும்? கரண்ட் போனால், குழாய் வராவிட்டால் என்ன ஆகும்? மாற்ற வேண்டிய பாகங்களை வீட்டில் யார் ஞாபகம் வைத்து மாற்றுவார்கள்? நான்காவதை யாரும் கேட்பதே இல்லை, பெரும்பாலான மெஷின்கள் வீணாவது அதனால்தான். முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் மற்ற மூன்றைப் பேசிப் பிரயோஜனமில்லை.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கிருமி விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது: 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வாய்க்கு உப்பு தெரிந்துவிடும், கிருமி தெரியாது. 300 ரூபாய்க்கு வாங்கும் டி.டி.எஸ். மீட்டருக்கும் தெரியாது. பக்கத்து செப்டிக் டேங்க் கசியும் கிணற்றில் மீட்டரை விட்டாலும் 150 என்று சமர்த்தாகக் காட்டும்.

## நம் மாவட்டத்தில் ஓடும் மூன்று தண்ணீர்

குழாய்த் தண்ணீர். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணை, இப்போது புத்தன் அணைத் திட்டமும். முக்கடலின் முழு நீர்மட்டம் 25 அடி. கோடையில் பேப்பரில் அதன் நீர்மட்டத்தை ‘மைனஸ்’ போட்டு எழுதுவார்களே, அதைப் பார்த்துத்தான் நாங்கள் வாளிகளைக் கழுவி வைப்போம். மலையில் பெய்து ஓடி வரும் மழைத் தண்ணீர் என்பதால் உப்பு குறைவு. மாவட்டத்தின் மற்ற பகுதிகளுக்கு ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வரும் கூட்டுக் குடிநீருக்கும் பெரும்பாலும் இதே குணம்தான். சிக்கல் அணையில் இல்லை, குழாயில் இருக்கிறது. தினமும் முழு நேரமும் தண்ணீர் ஓடினால் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும், வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. ஒருநாள் விட்டு ஒருநாள், சில நேரம் பல நாள் கழித்து விட்டால், இடையில் குழாய் காலியாகி, விரிசல் இருக்கும் இடத்தில் சாக்கடைத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் வந்ததும் முதல் வாளி கலங்கலாக வருவதற்கு ஒரு காரணம் இது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. லேசான குளோரின் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள், வராத நாளில்தான் யோசிக்க வேண்டும்.

வெட்டுக்கல் நிலத்துக் கிணறு. கல்குளம், விளவங்கோடு பக்கம் செம்மண்ணும் வெட்டுக்கல்லும். இந்த மண்ணில் ஊறும் வெள்ளத்தில் உப்பு மிகக் குறைவு. பருப்பு சீக்கிரம் வேகும், சோப்பு நன்றாக நுரைக்கும். பொதுவாகக் கொஞ்சம் அமிலத்தன்மை இருக்கும், சில கிணறுகளில் இரும்பும். இரும்பு இருக்கிறதா என்று பார்க்கத் தேயிலை போதும். பால் விடாத கட்டன் சாயா மை மாதிரி கறுத்தால் இரும்பு இருக்கிறது. பித்தளைக் குழாயைச் சுற்றி நீலப்பச்சைக் கறை படிந்தால் அது அமிலத்தின் வேலை. அப்படிப்பட்ட வெள்ளத்தைச் செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க ஊற வைத்துக் குடிக்கும் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை, செம்பு தேவைக்கு மேல் கரையும். ஆனால் இந்தக் கிணறுகளின் பெரிய ஆபத்து பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க். பத்து சென்ட், ஐந்து சென்ட் என்று மனை குறுகக் குறுக, கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவில் 50 அடிகூட இல்லாத வீடுகள்தான் அதிகம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறும்போது இரண்டும் கைகுலுக்கிக்கொள்ளும். நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம் வேறு.

கடலோரம். நல்ல தண்ணீர் லேசானது, உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அதனால்தான் மணலில் பாட்டா (தாத்தா) காலத்தில் தோண்டிய ஆழமில்லாத கிணறு இனித்தது, அதன் பக்கத்திலேயே ஆழமாகப் போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு) கரிக்கிறது. ஆழம் கூடக் கூட, மோட்டார் ஓட ஓட, கீழிருக்கும் உப்பு மேலே வரும். 2004 சுனாமியில் கடல் ஏறிய இடங்களில் கிணறுகள் உப்பானதைக் கடற்கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பல வீடுகளில் நான்காவதாக ஒரு தண்ணீரும் உண்டு: குழாயையும் போரையும் ஒரே தொட்டியில் விட்டுக் கலப்பது. டி.டி.எஸ். இன்றைக்கு 200, வாரக் கடைசியில் 900. இந்த வீட்டுக்கு எந்த மெஷினும் சரியாக அமையாது. முதலில் குடிக்கும் தண்ணீருக்குத் தனிக் குழாய் போடுங்கள்.

## வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை

டி.டி.எஸ். மீட்டரை வைத்து ஏப்ரல், மே கோடையில் ஒருமுறை, நவம்பர் மழையில் ஒருமுறை பாருங்கள். கிருமிக்கு ஹெச்2எஸ் பாட்டில் என்று ஒன்று உண்டு. உள்ளே மருந்து தடவிய காகிதம் இருக்கும். குறித்த கோடு வரை தண்ணீரைப் பிடித்து மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் கறுத்துவிடும். துல்லியமான அளவு வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு வீட்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். ஆய்வகம் சொல்கிற கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து அன்றைக்கே சேர்க்க வேண்டும்.

## கொதிக்க வைத்துக் குடிப்பது

கிருமிக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் போதும். உப்பு, நைட்ரேட் எதுவும் போகாது.

“செலவே இல்லை” என்பார்கள், அது உண்மையில்லை. நால்வர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவுமாக நாளுக்கு 10 லிட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அடுப்பில் வீணாகும் சூடு உட்பட ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் கேஸ், மாதத்துக்கு மூன்றரைக் கிலோ. அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் கால்வாசி. சிலிண்டர் 900 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,700 ரூபாய்க்குக் கிட்ட வருகிறது. விறகடுப்பு இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு செல்லாது. கணக்கில் வராத இன்னொரு செலவு, அதைத் தினமும் செய்யும் பெண்ணின் நேரம்.

பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெள்ளமும் சீரக வெள்ளமும் நமக்குப் பழக்கம்தான். ஆனால் சூடு தாங்காமல் அதில் பாதிக்குப் பாதி பச்சைத் தண்ணீரைக் கலந்து டம்ளரில் ஊற்றும் ஹோட்டல்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டிலும் அதே கதை நடக்கும், ஆறிய பானையில் யாராவது கையோடு செம்பை முக்குவார்கள். குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள்.

வாடகை வீடு, வீட்டில் கைக்குழந்தை, மஞ்சள்காமாலை பரவும் நாட்கள்: இவற்றுக்கு இதுவே முதல் வழி. மெஷின் வைத்திருப்பவர்களும் தெருவில் காமாலை வந்தால் கொதிக்க வைப்பது நல்லது.

## கரண்ட் இல்லாத வடிகட்டி

மேல் தொட்டியில் ஊற்றினால் கீழ்த் தொட்டிக்கு இறங்கும் வகை. 2,000 முதல் 3,500 ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே இருக்கும் வடிகட்டியை ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மாற்ற 800 முதல் 1,500 வரை ஆகும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி, துளை எவ்வளவு என்பது. யு.எஃப். (நுண்வடிகட்டி) என்று ஒட்டியிருந்தாலும் 0.1 மைக்ரானிலிருந்து 0.01 மைக்ரான் வரை பல தரம் உண்டு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). டைஃபாய்டு, காலரா பாக்டீரியாக்கள் பெரியவை, 0.1-லேயே மாட்டிக்கொள்ளும். காமாலை தரும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் 0.03 மைக்ரான்தான், சாவகாசமாக நுழைந்து போய்விடும். 0.01 என்று அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள், அல்லது குளோரின் சேர்க்கும் வகையை எடுங்கள். வெறும் பீங்கான் கேண்டில் (உருளை வடிகட்டி) மட்டும் உள்ள பழைய ஸ்டீல் ஃபில்டர் கலங்கலை எடுக்கும், கிருமிக்கு அதை நம்ப முடியாது.

எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. எட்டு மாதம் கழித்துக் கேண்டிலைக் கழற்றினால், வெள்ளையாக வாங்கியது பனங்கிழங்குத் தோல் நிறத்தில், விரலில் வழுக்கும் ஒரு பாசியோடு வெளியே வந்தது. அந்தப் பாசியின் வழியாகத்தான் அதுவரை குடித்திருக்கிறோம். மாற்றும் தேதியைப் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி ஒட்டும் வழக்கம் அன்றைக்கு ஆரம்பித்தது.

## யு.வி.

புற ஊதா விளக்கின் வெளிச்சத்தில் தண்ணீரை ஓட விட்டுக் கிருமியைச் செயலிழக்கச் செய்வது. 6,000 முதல் 9,000 ரூபாய். ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 வரை பராமரிப்பு. தண்ணீர் வீணாகாது, உப்பில் கை வைக்காது, சுவை மாறாது.

பலவீனம் இரண்டு. வெளிச்சம் படாத கிருமி பிழைத்துக்கொள்ளும், ஆகவே கலங்கலும் இரும்பும் உள்ள தண்ணீருக்கு முன்வடிகட்டி கட்டாயம். இரும்பு அதிகமென்றால் விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குழல் பழுப்பேறி வெளிச்சம் மங்கிவிடும், அதற்கு இரும்பு நீக்கும் வடிகட்டியைத் தனியாக முன்னால் வைக்க வேண்டும். இரண்டாவது, விளக்கு எரிவது போலத் தெரிந்தாலும் சுமார் 8,000 மணி நேரத்துக்குப் பிறகு அதன் சக்தி குறையும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தேதி வைத்து மாற்ற வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்துக்கு ஒரு பானை பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிடித்து வைத்த தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்காது (உள்ளே இருக்கும் கார்பன் அதை எடுத்துவிடும்), அன்றைக்கே தீர்த்துவிடுவது நல்லது.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் குழாயோ நல்ல கிணறோ உள்ள வீடுகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

## ஆர்.ஓ.

வீட்டுக்கு வழக்கமாக விற்கும் மெஷின்களில் உப்பை எடுப்பது இதுதான். ஆர்சனிக், ஃப்ளோரைடு, நைட்ரேட் போன்றவற்றையும் பெருமளவு எடுக்கும். தண்ணீர் 800, 1,200 என்று கரிக்கும் கடலோர வீட்டுக்கு இதற்கு மாற்று இல்லை. அந்த வீட்டில் போய் “ஆர்.ஓ. வேண்டாம்” என்று சொல்ல நான் வரவில்லை.

மற்ற வீடுகளில் என்ன நடக்கிறது? டி.டி.எஸ். 120 இருக்கும் கிணற்றில் இதை மாட்டினால் 10, 15 என்று காட்டும். பையன் அதைப் பெருமையாகக் காட்டுவான். நாலு நாளில் “சப்பென்று இருக்கு” என்று வீட்டுக்காரர் புகார் செய்வார். உடனே டெக்னீஷியன் வந்து டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்ற திருகைத் திருகுவார். அது செய்வது, ஆர்.ஓ. வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுவது. உப்பை எடுக்கக் காசு கொடுத்து, எடுத்த உப்பைத் திரும்பச் சேர்க்க இன்னொரு திருகு! ஏற்கெனவே அமிலத்தன்மை உள்ள வெட்டுக்கல் வெள்ளம் ஆர்.ஓ.வுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் அமிலப் பக்கம் சாயும் என்பதும் உண்டு. 500-க்குக் கீழே டி.டி.எஸ். உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். மெஷின் 10,000 முதல் 18,000. ஆண்டு ஒப்பந்தம் 3,000 முதல் 5,000. மெம்பரேன் (உப்பை எடுக்கும் அந்தச் சவ்வு) இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 1,500 முதல் 3,000. உப்பு கூடக் கூட இந்த இடைவெளி சுருங்கும். தண்ணீர் கணக்கு தனி: ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லிட்டர் வெளியே போகும். நாளுக்கு 12 லிட்டர் எடுக்கும் வீட்டில் ஆண்டுக்கு 13,000 லிட்டர் போய்விடும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டி நிரப்பும் வீட்டில் இது நேராகக் காசு. அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கக்கூஸுக்கும் பயன்படுத்தலாம். குழாய்த் தண்ணீர் என்றால் செடிக்கும் ஊற்றலாம். கடலோர போர் என்றால் செடிக்கு வேண்டாம், அது முன்னிலும் உப்பேறிய தண்ணீர்.

இன்னொன்று. டி.டி.எஸ். 2,000-க்கு மேல் போனால் சாதாரண வீட்டு மெஷின் திணறும். அந்த நிலையில் போரை மறந்துவிட்டு, கூட்டுக் குடிநீர் இணைப்பைக் குடிக்க மட்டும் ஒதுக்கி, அதில் ஒரு யு.வி. போடுவது மலிவு.

## கேன் தண்ணீர்

20 லிட்டர் கேன் இடத்தைப் பொறுத்து 30 முதல் 50 ரூபாய். மாதம் 15 கேன், 40 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,200. மூன்றே வருஷத்தில் நல்ல ஆர்.ஓ. ஒன்றும் அதன் பராமரிப்பில் ஒரு பங்கும் வந்துவிடும் காசு. கேன் மறுபடி மறுபடி நிரப்பப்படுவது, உள்ளே கீறல் விழுந்த கேனைச் சரியாகக் கழுவ முடியாது. சீல், நிரப்பிய தேதி, உரிம எண் இருக்கிறதா பாருங்கள். வெயிலில் திறந்த ஆட்டோவில் வரும் கேனையும் பச்சை படிந்த கேனையும் திருப்பி அனுப்புங்கள். கேனை நல்லதாகப் பார்த்து வாங்கிவிட்டு, அதைக் கவிழ்க்கும் மண்பானையை வருஷக்கணக்காகக் கழுவாமல் விடுவதும் நடக்கிறது.

கல்யாண வீடு, ஆறு மாத வாடகை, பாதி கட்டிய வீடு: இங்கெல்லாம் கேன்தான் வசதி.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் செலவு (ரூ.) | ஆண்டுச் செலவு (ரூ.) | கிருமி | உப்பு | கரண்ட் | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|---|
| கொதிக்க வைப்பது | இல்லை | 2,700 | போகும் | போகாது | வேண்டாம் | எங்கும், நோய் பரவும்போது கட்டாயம் |
| கரண்ட் இல்லாத வடிகட்டி | 2,000–3,500 | 800–1,500 | துளையைப் பொறுத்தது | போகாது | வேண்டாம் | சிறு குடும்பம், கரண்ட் அடிக்கடி போகும் ஊர் |
| யு.வி. | 6,000–9,000 | 1,500–2,500 | போகும், தெளிந்த தண்ணீர் என்றால் | போகாது | வேண்டும் | குழாய், வெட்டுக்கல் கிணறு |
| ஆர்.ஓ. | 10,000–18,000 | 4,000–6,000 | போகும் | போகும் | வேண்டும் | உப்பேறிய கடலோர போர் |
| கேன் | கேனுக்கு முன்பணம் | 7,200 | வாங்கும் இடத்தைப் பொறுத்தது | பொதுவாகக் குறைவு | வேண்டாம் | தற்காலிகம் |

விலைகள் எல்லாம் தோராயம்தான். தீபாவளி, ஓணம் ஆஃபர்களில் இன்னும் இறங்கும்.

## சித்தி வீட்டில்

மீட்டர் 130 காட்டியது. கட்டன் சாயா கறுக்கவில்லை. ஹெச்2எஸ் பாட்டில் மறுநாள் மதியத்துக்குள் கரியாகிவிட்டது. ஆக, உப்பும் இல்லை, இரும்பும் இல்லை, கிருமி மட்டும். கிணற்றைச் சுற்றி வந்து பார்த்தபோது கைப்பிடிச் சுவருக்குக் கீழே சிமென்ட் பெயர்ந்து, துணி துவைக்கும் கல்லிலிருந்து வழியும் தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே வலையும் இல்லை, பலா இலை மிதந்தது.

கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுற்றித் தளம் போட்டு, துவைகல்லைத் தள்ளி வைத்தோம். பிறகு ப்ளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது பொதுக் கணக்கு. இரண்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் வெள்ளம் என்றால் சுமார் 9,400 லிட்டர், அதற்கு 24 கிராம் ஆகும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். கிணறு மோசமாகக் கெட்டிருந்தால் முதல் முறை இதைவிட அதிகம் போட்டு, இறைத்துத் தள்ளிவிட்டு மறுபடி சரியான அளவில் போடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து வைத்த இரண்டாவது பாட்டில் இரண்டு நாளாகியும் கறுக்கவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக் குழி நகரப் போவதில்லை, மழை வரும். அதனால் ஆர்.ஓ.வுக்கு வைத்திருந்த காசில் தளம் போட்டது போக மிச்சத்தில் ஒரு யு.வி. வாங்கி மாட்டினோம். விளக்கு மாற்றும் தேதி அடுக்களைக் காலண்டரில் எழுதியிருக்கிறது. சித்தி இன்னும் பதிமுகம் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறாள். “கலர் இல்லாம வெள்ளம் குடிச்சா குடிச்ச மாதிரியே இல்ல, மக்கா.”